பேச்சியம்மாவின் இரண்டு கேஸ்

"இது நாலு ஆள்கிட்ட நாலு தரத்தில் பேச வேண்டிய பணியாணு மோளே. நிங்களுடெ காலனிக்காருக்கு ஒச்ச வைக்கத்தான் அறியும்."

வக்கீல் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமைக் குமாஸ்தா குட்டப்பன் சேட்டன் இப்படிச் சொன்னார். மலையாளத்தில் ஒச்ச வைப்பது என்றால் சத்தம் போடுவது. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கார்பன் தாளை அடுக்கிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார். நான் டைப்ரைட்டரின் உறையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

வக்கீல் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வக்காலத்து எழுதுவது, வாய்தா தேதி குறிப்பது எல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். இது வேறு விஷயம்.

காபி

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு கோடவுன்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் ராமநாதன் வக்கீலின் வீடு. முன் அறைதான் ஆபீஸ். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். கட்சிக்காரர்களில் பாதிப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள், காலனிக்காரர்கள், தமிழ் மட்டும் பேசுகிறவர்கள். அவர்களிடம் பேச ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார். எனக்கு பி.ஏ. உண்டு. டைப்ரைட்டிங் இங்கிலீஷ், மலையாளம் இரண்டிலும் ஹையர் பாஸ்.

எங்கள் காலனி கார்ப்பரேஷன் கட்டிக் கொடுத்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் வாளி சுமக்க என்று எங்கள் ஆட்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இப்போதும் தெருக் கூட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வருவதில்லை.

பதினொரு மணிக்கு உள்ளிருந்து காபி வரும். வக்கீலுக்கும் சேட்டனுக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு ஒரு கண்ணாடிக் கிளாஸ், ஜன்னல் விளிம்பில். முதல் நாளே எனக்குக் காபிப் பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பழக்கம் உண்டு.

காலனியிலும் எனக்கு வேறு மாதிரி ஜன்னல் விளிம்பு. இந்த ஊரில் படித்த பெண் என்றால் டீச்சர். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் டீச்சர். குழாயடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தோடு போனால், "டீச்சர் முதல்ல பிடிச்சுக்கட்டும்" என்று வழி விடுவார்கள். பேச்சு நின்றுவிடும். நான் நிரப்பிக்கொண்டு திரும்பி நடக்கும்போதுதான் சிரிப்பு மறுபடியும் தொடங்கும்.

ஓர்மையில்லா

சேர்ந்து கொஞ்ச நாளில் எனக்கு ஒரு வேலையில் நல்ல பெயர் வந்தது. சாட்சி படிப்பிக்கிறது. இரண்டு தரப்பும் சண்டை போட்டு இரண்டு கேஸ் ஆகிவிடும். பிறகு சமாதானம் பேசுவார்கள். சில கேஸ்களில் கோர்ட்டில் ராஜி மனு கொடுத்து முடிக்கலாம். ராஜிக்குச் சட்டம் இடம் தராத கேஸ்களில் வேறு வழி. சாட்சி கூண்டில் ஏறி "ஓர்மையில்லா" என்று சொல்லிவிட வேண்டும். ஞாபகம் இல்லை என்று அர்த்தம். கேஸ் தானாக விழுந்துவிடும்.

சொல்வது சுலபம் இல்லை. சிலர் பயத்தில் உண்மையைக் கொட்டிவிடுவார்கள். நான் அவர்களை உட்கார வைத்துத் தமிழில் கேள்வி கேட்டுப் பழக்குவேன். என் சாட்சிகள் தடுமாறியதில்லை. குட்டப்பன் சேட்டனே ஒருநாள், "கொள்ளாம்" என்றார், பரவாயில்லை என்று. அவர் வாயிலிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

பேச்சியம்மா

பேச்சியம்மா எங்கள் வரிசையில் கடைசி வீடு. அம்மாவோடு வேலை செய்கிறவள். எனக்கு அத்தை முறை. சின்ன வயதில் எனக்குப் பேன் பார்த்து, "ஏட்டி, ஆடாம உக்காரு" என்று தலையில் குட்டியவள். அவள் மேல் திருட்டு கேஸ். அவள் கொடுத்த இன்னொரு கேஸும் இருந்தது.

சுகுமாரன் என்பவரின் சாயாக்கடையில் வெளிச்சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு கிளாஸ் மாட்டியிருக்கும். காலனிக்காரர்கள் அதை எடுத்து, கழுவி, சாயா வாங்கி, வெளியே நின்று குடித்து, கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் ஆணி இருந்தது. ஒரு காலையில் அந்தக் கிளாஸ் உடைந்து கிடந்தது. பேச்சியம்மா உள்ளே போய் மேஜையிலிருந்த ஒரு கிளாஸை எடுத்து நீட்டினாள். சுகுமாரன் கொதிக்கிற பால் கரண்டியால் அவள் மணிக்கட்டில் அடித்தார். தோல் வழன்றுவிட்டது. துப்புரவுத் தொழிலாளர் யூனியன்காரர்கள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். தீண்டாமைக் கேஸ் பதிவானது.

அன்று சாயங்காலமே கடைக்குப் பின்னால் கழுவக் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைப் பால் பாத்திரம் காணாமல் போனது. சுகுமாரன் பேச்சியம்மா பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தார். பொய்ப் புகார், பழி வாங்குகிறார் என்று பஜார் முழுக்கப் பேச்சு. யூனியன்காரர்கள் சுவரில் நோட்டீஸே ஒட்டினார்கள்.

திருட்டில் தண்டனை வந்தால் பேச்சியம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், வீடு கார்ப்பரேஷனுடையது. புருஷன் இருமிக்கொண்டு படுத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள்.

அவள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வக்கீல் வழக்கமான வழியைச் சொன்னார். சின்னத் திருட்டு, அதனால் கோர்ட் அனுமதியோடு சுகுமாரன் ராஜி ஆகலாம். ஆனால் தீண்டாமைக் கேஸில் ராஜி கிடையாது. முன்பு இருந்தது. எங்கள் ஆட்களை மிரட்டிக் கையெழுத்து வாங்குவது சுலபமாக இருந்ததால் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விளைவு இது: அவர் அவளை மன்னிக்கலாம், அவள் அவரை மன்னிக்க வழியில்லை. ஓர்மையில்லா ஒன்றுதான் மிச்சம். அவள் முதலில் அதைச் சொல்ல வேண்டும், பிறகு அவர் ராஜியில் கையெழுத்துப் போடுவார் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் பேசி முடித்தார்கள்.

என் மேஜைக்கு முன்னால் ஸ்டூலில் பேச்சியம்மா உட்கார்ந்தாள்.

"அத்தை, கூண்டுல ஏறினதும் சாயாக்கடையில என்ன நடந்ததுன்னு கேப்பாங்க. ஓர்மையில்லன்னு சொல்லணும்."

"ஓர்மை இருக்கே, டீச்சர்."

"இருக்கட்டும். இல்லன்னு சொல்லணும்."

"கையில தழும்பு கெடக்கே. அதுக்கு என்ன சொல்ல? பூனை பெறாண்டுச்சுன்னா?"

குட்டப்பன் சேட்டன் சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. "பேச்சியம்மா, கேட்டியோ. நீ பிடிவாதம் பிடிச்சா அவன் ராஜில கையெழுத்துப் போடமாட்டான். ஜோலி போகும், வீடு போகும். பின்னே என்ன பண்ணுவே?"

"சாமி, அவரை ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு இல்லை. பொறுத்துப் போகத்தான் வந்தேன். ஆனா ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிட்டா, எதைப் பொறுத்துக்கிட?"

"அதெல்லாம் மனசுல வச்சுக்கோ. கோர்ட்ல வேற."

"அப்போ பாத்திரமும் நான் எடுக்கலன்னு சொல்லணுமா? எடுத்தேன் சாமி. எடுத்தது கோவத்துல. பழைய சாமான் கடையில வித்தது வயித்துக்கு."

வக்கீல் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு, தாயே."

அவள் போன பிறகு என்னிடம், "நீ அவாத்துக்குப் போய்ச் சொல்லிப் புரிய வை. உன்னாலதான் முடியும்" என்றார். நான் போனேன். பேச்சியம்மா எனக்கு மட்டும் பலகை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் என் செருப்பைப் பார்த்தன. ஓர்மையில்லாப் பேச்சை எடுக்காமலே எழுந்து வந்தேன்.

கோர்ட்டில்

இரண்டு கேஸும் ஒரே நாள். குமாஸ்தாக்கள் உட்காரும் பின்பெஞ்சில் நான் ஒரு மூலை, மற்றவர்கள் மறு மூலை. நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். கேஸ் கட்டில் ராஜி மனு டைப் அடித்துத் தயாராக இருந்தது.

சர்க்கார் வக்கீல் கேட்டார். பேச்சியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஆணி, உடைந்த கிளாஸ், கரண்டி. சத்தம் போடவில்லை. மணிக்கட்டை நீட்டிக் காட்டியபோது மாஜிஸ்திரேட் எட்டிப் பார்த்தார். சுகுமாரனின் முகம் வெளுத்துவிட்டது. ராமநாதன் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுகுமாரனின் வக்கீல் எழுந்து திருட்டைப் பற்றிக் கேட்டார். "பால் பாத்திரத்தை மோஷ்டிச்சதுகொண்டு, அதை மறைக்கத்தானே இந்தக் கள்ளக் கேஸ்?"

"இல்லைங்கய்யா. அடிச்சது காலையில. பாத்திரம் எடுத்தது சாயங்காலம்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அது இந்தக் கேஸில் இல்லை. அது பறைய வேண்டா."

"சொல்லிட்டேனே சாமி. அவரு புகார் பொய்யின்னு எல்லாரும் சொல்லுதாங்க. அது பொய்யில்லை. அவரு அடிச்சதும் பொய்யில்லை. நான் பொறுத்துக்கிட்டேன், அவரை விட்டுருங்க."

"விடான் நியமம் இல்லை" என்றார் மாஜிஸ்திரேட். சட்டத்தில் இடமில்லை என்று பொருள். அதைச் சொல்லும்போது அவர் குரல் கடுமையாக இல்லை.

மத்தியான இடைவேளையில் எல்லோரும் வராந்தாவில். "தீர்ந்தது. இனி இவளைக் கரையேத்த முடியாது" என்றார் எங்கள் வக்கீல். கோர்ட்டுக்கு வந்திருந்த என் அம்மா ஒரு தூண் ஓரத்தில் பேச்சியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பக்கத்தில் நான் போகவில்லை. வக்கீல் பக்கம் நிற்கவும் முடியவில்லை. கேஸ் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன்.

சுகுமாரன் என்னிடம் வந்தார். "மோளே, ஆ ராஜிக் கடலாசு எவிடெ?"

அவருடைய வக்கீல் ஓடி வந்து கையைப் பிடித்தார். "தனக்கு வட்டுண்டோ? அவள் தன்னெ ஜெயிலில் ஆக்கும். கையிலுள்ள பிடி விடல்லே." பைத்தியமா உனக்கு, பிடியை விடாதே என்கிறார்.

"ஞான் கள்ளப் பராதி கொடுத்தென்னு எந்தெ பாரியா வரை பறஞ்ஞு, சாரே" என்றார் சுகுமாரன். பொய்ப் புகார் கொடுத்தவர் என்று பெண்டாட்டியே சொன்னாளாம். "ஒருத்தி மட்டும்தான் அது பொய்யில்லான்னு பறஞ்ஞது. அதும் அவள்."

தாளை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேச்சியம்மா தூணிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"சேட்டா, அந்தப் பாத்திரம் இனி கிடைக்காது. உருக்கியிருப்பான்."

"போட்டே" என்றார் அவர். போகட்டும். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டுத் தழும்பைத்தான் பார்த்தார்.

மாஜிஸ்திரேட் ராஜிக்கு அனுமதி கொடுத்தார். பேச்சியம்மாவுக்கு விடுதலை. மற்ற கேஸில் சுகுமாரனுக்குச் சட்டத்தில் உள்ள குறைந்தபட்சத் தண்டனை, ஒரு மாதம். அப்பீலுக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. அந்த மாதம் அவர் மனைவி கடையை நடத்தினாள்.

அவர் வெளியே வந்த பிறகு ஒருநாள் பேச்சியம்மா கடைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

"மதுரம் மதியோ?" என்று கேட்டார் சுகுமாரன்.

"பத்தல" என்றாள்.

இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். அவ்வளவுதான். அவர்கள் சிநேகிதர்கள் ஆகவில்லை. சுவரில் ஆணி இல்லை, ஓட்டை இருக்கிறது.

பிறகு

மன்னிப்பது என்றால் மறந்துவிடுவது என்று நான் நினைத்திருந்தேன். என் வேலையே மறக்கக் கற்றுக்கொடுப்பதாக இருந்தது. நடந்ததை நடந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்லிய பிறகுதான் மன்னிப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். எங்கள் ஆட்கள் காலம் காலமாக ஓர்மையில்லா என்று சொல்லித்தான் பிழைத்தார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அதைப் பழக்கிக் கொடுக்க இனி என்னால் ஆகாது.

அடுத்த கேஸ் வந்தது. ஒரு கோடவுன் மேஸ்திரி, ஒரு தமிழ்ப் பெண். வக்கீல் வழக்கம்போல், "இவளைக் கொஞ்சம் பழக்கி எடு" என்றார்.

"ராஜி எழுதுறேன் சார். கோர்ட்டுக்குப் போறேன். ஓர்மையில்லா மட்டும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்."

அவர் கத்தவில்லை. "அது இல்லாம இங்கே உனக்கு என்ன ஜோலி? பின்னே என்ன பண்ணப் போறே?" உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குட்டப்பன் சேட்டன் கார்பன் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எர்ணாகுளத்துல லா காலேஜ்ல சாயங்கால வகுப்புக்குச் சேர்ந்துட்டேன் சார். போன வாரமே."

சேட்டன் கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தார். பிறகு, "ஒச்ச வைக்க அங்கே நல்ல சௌகர்யம் உண்டு" என்றார். திட்டினாரா வாழ்த்தினாரா தெரியவில்லை. நான் டைப்ரைட்டருக்குக் கடைசியாக உறை போட்டேன்.

காலனியில் பேச்சியம்மா கேட்டாள். "இனி வக்கீலம்மான்னு கூப்பிடணுமா டீச்சர்? வாய் நோவுமே."

"ஏட்டின்னே கூப்பிடு அத்தை."

அவள் சிரித்தாள். "அது இனி வராது தாயி."

சாயங்காலம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் பிடித்து அக்கரைக்குப் போகிறேன். வகுப்பில் எனக்கு முன்னால் எல்லாம் ஆண்கள். நான் உட்கார்ந்த பெஞ்சில் என் பக்கத்தில் இதுவரை யாரும் உட்காரவில்லை. நான் மூலைக்கு நகரவில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.