தொட்டியில் ஒரு பிடி சொப்பு

நேற்று கிருஷ்ணகிரி டீக்கடையில் நின்றுகொண்டே பதினோரு கொலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பெங்களூர் பொம்மனஹள்ளி வீட்டு மொட்டை மாடியில் நான் அக்வாபோனிக்ஸ் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். (தெரியாதென்றால், நீங்கள் எனக்கு போன் செய்ததே இல்லை என்று அர்த்தம்.)

கீழே தொட்டியில் மீன். மேலே ஜல்லி நிரப்பிய டப்பில் கீரை. மீன் அசிங்கப்படுத்திய தண்ணீரை பம்ப் மேலே ஏற்றும். கீரை அதைத் தின்று வளரும். சுத்தமான தண்ணீர் திரும்ப மீனுக்கு.

மண் இல்லை, உரம் இல்லை. வெட்கமும் இல்லை என்பாள் என் மனைவி சுமதி.

ஜல்லிக்குள் நுண்ணுயிர்கள் குடியேறினால்தான் இதெல்லாம் ஓடும். அவை பால் காய்ச்சிக் குடிவர மூன்று மாதம் எடுத்துக்கொண்டன. அதற்குள் முதல் செட் மீன்கள் மேலே போய்விட்டன.

இப்போது இருப்பது இரண்டாவது செட். பதினோரு ஜிலேபிக் கெண்டைகள். தீனியோடு கீரையும் தின்னும் ஜாதி.

இவையும் போனால் தொட்டி காயலான் கடைக்கு, மாடி சுமதியின் கொடிக்கயிற்றுக்கு. இது எங்கள் குடும்ப ஒப்பந்தம்.

இந்த நேரம் பார்த்து சேலத்தில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் போக வேண்டும்.

காவலுக்கு ஆரணியிலிருந்து சுமதியின் தம்பி குமரவேல் வந்தான். பள்ளியில் தமிழாசிரியர். கல்யாணப் பத்திரிகையைக்கூட சிவப்புப் பேனாவோடுதான் படிப்பான்.

அவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தேன். ‘காலையில் ஒரு ஸ்பூன் மீன் தீனி. பிறகு தொட்டியில் ஒரு பிடி சொப்பு போடவும்.’

நேற்று திரும்பும் வழியில், கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது, அவனிடமிருந்து வாட்ஸப். ‘மாமா, ஒரு பிடி போட்டாயிற்று. தொட்டி பளபளவென்று இருக்கிறது.’

பெருமையாக சுமதியிடம் காட்டினேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“பளபளன்னா? ஏங்க, சீட்டுல என்ன எழுதி வச்சீங்க?”

“ஒரு பிடி சொப்பு போடுன்னு.”

“சொப்புன்னா எழுதினீங்க? கீரைன்னு எழுதலயா?”

நானும் டீயைக் கீழே வைத்தேன்.

பெங்களூரில் இருபத்தைந்து வருடம். கீரைக்காரம்மா “சொப்பு, சொப்பு” என்று கன்னடத்தில் கூவிக் கூவி, எனக்குக் கீரை என்ற சொல்லே மறந்துவிட்டது. ஆரணிக்காரனுக்கு அந்தச் சொப்பு எப்படித் தெரியும்?

“உங்களுக்கு ரெட்டைக் கொம்பு போட வரலன்னு நெனச்சிருப்பான். சோப்புன்னு திருத்தியிருப்பான்.”

“ஒரு பிடி சோப்பா?”

“பளபளன்னு இருக்காம்ல.”

போன் போட்டேன். எடுக்கவில்லை. வகுப்பில் சைலண்ட்டில் வைத்துப் பழகியவன், லீவிலும் அப்படித்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பொம்மனஹள்ளி வரை என் கண்முன்னே பதினோரு கெண்டைகளும் நுரைக்கு நடுவே மல்லாந்து மிதந்தன. பக்கத்தில் சுமதி கொடிக்கயிறு எத்தனை அடி வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். (அவள் மறுக்கிறாள். விரல் விட்டு எண்ணியதை நான் பார்த்தேன்.)

மூன்று மாடி ஏறி ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம் இல்லை, வேண்டுதல்.

குமரவேல் தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“எந்த சோப்புடா போட்ட?”

“சோப்பா?” சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். “சொப்புன்னுதான மாமா எழுதியிருக்கீங்க. நீங்க ஒருவாட்டியாவது பிழையில்லாம எழுதியிருக்கீங்க, அதைப் போய் நான் திருத்துவனா?”

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நுரை இல்லை. பதினோரு மீனும் உயிரோடு இருந்தன.

அடியில் என்னவோ மின்னியது.

ஒரு குட்டி அடுப்பு. ஒரு குட்டிக் குடம். நாலு குட்டித் தட்டு. எல்லாம் எவர்சில்வர். காலேஜ் படிக்கும் என் மகள் குழந்தையாக இருந்தபோது விளையாடிய சொப்பு சாமான்.

“லாஃப்ட்டுல தேடி எடுக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு மாமா.”

“மீன் தொட்டியில சொப்பு சாமான் எதுக்கு மாப்ள போடச் சொல்லுவேன்?”

“ஊர்ல மீன் தொட்டின்னா கோட்டை, பாலம், பொம்மைன்னு போடறாங்க இல்ல? உங்களுக்கு அவ்ளோ வசதி இல்ல, வீட்ல இருக்கறதப் போடச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

பின்னாலேயே ஏறி வந்த சுமதி சிரித்ததில் எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதோட வெறும் தட்டை வச்சா நல்லாருக்குமாக்கா? அதான் தீனியை நனைச்சு உருட்டி, தட்டுல ஒட்டி, நூல் கட்டி இறக்கினேன். நல்லா சாப்ட்டாங்க.”

மீன்கள் பிழைத்தன. மாடியும் பிழைத்தது. குமரவேலுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து, காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

இன்று காலை பழையபடி தீனியை மேலே தூவினேன். ஒருவரும் வரவில்லை. பதினோரு பேரும் அடியில் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

உருட்டி, ஒட்டி, நூல் கட்டி இறக்கினேன். சாப்பிட்டார்கள்.

ஆனால் தட்டு நாலுதான். பந்தியில் இடம் பிடிக்க ஒரே அடிதடி. பெரியவன் ஒருத்தன் சின்னவனின் வாலையே கடித்துவிட்டான்.

இன்னும் ஏழு தட்டு வாங்கிவிடலாம் என்று மதியம் சிவாஜிநகர் போனேன். பாத்திரக் கடைகள் பக்கம் ஒருவரிடம் “சொப்பு எல்லி சிகுத்தே?” என்று விசாரித்தேன். (சொப்பு எங்கே கிடைக்கும் என்பதைக் கன்னடத்தில் கேட்டது என் கொழுப்பு.)

மனிதர் மரியாதையாக மார்க்கெட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

பாலக் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாடி நிறைய பாலக் இருக்கிறது.

நண்பர்களே, எவர்சில்வர் சொப்புத் தட்டு பெங்களூரில் எங்கே கிடைக்கும்? கடைக்காரரிடம் அதை என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.