இருபது பிள்ளைகள் என்று நான் சொன்ன பொருத்தனை

2004 நவம்பர் 18, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. கடலூரில் விடாத மழை. காற்று இல்லை, மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி எஸ்தரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றில் கட்டி. பிழைப்பாள் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. கதவு மூடியது. வராந்தாவில் ஒன்பது நாற்காலிகள், எட்டில் ஆட்கள். ஒன்பதாவதில் நான் உட்கார்ந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. நேர்ந்துகொண்ட பொருத்தனையும் அப்படியே ஜெபமாக வந்தது. "கர்த்தாவே, இவளை எனக்குத் திருப்பித் தாரும். இவள் பிறந்த ஊரில் வாசிக்கத் தெரியாத இருபது பிள்ளைகளைத் தப்பில்லாமல் வாசிக்க வைக்கிறேன்." ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பஸ் போர்டு கூடப் படிக்கத் தெரியவில்லை என்று, அவள் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் வருத்தப்படுவாள். அதுதான் வாயில் வந்தது. பதினைந்தாயிரம் ரூபாயில் முடியும் என்று அந்த நாற்காலியிலேயே கணக்கும் போட்டேன்.

எஸ்தர் பிழைத்தாள். கெட்ட கட்டிதான், ஆனால் முழுவதும் எடுத்துவிட்டோம் என்றார்கள்.

2005 ஜூனில் வாசிப்பு அறையைத் தொடங்கினேன். அவள் ஊர் புவனகிரிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே சபைக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. நாங்கள் குடியிருப்பது அண்ணாமலை நகர். வாரத்தில் மூன்று நாள் மாலை பஸ் ஏறிப் போவேன். அங்கே வேதபாடம் நடத்தவில்லை. வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வேறு சாமி கும்பிடுகிற வீடுகள். கதைப் புத்தகங்கள் மட்டும்தான். ஜெபத்தை வீட்டில் வைத்துக்கொண்டேன். 2007 முடியும்போது பதினான்கு பிள்ளைகள் வாசித்தார்கள். இன்னும் ஆறு.

2008 தொடக்கத்தில் அந்த ஊருக்கு அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்தது. வீட்டுக்கு ஒன்று. இருபத்தாறு பிள்ளைகள் வந்துகொண்டிருந்த அறையில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். என் மைத்துனன் தேவராஜ், எஸ்தரின் தம்பி, அந்த ஊரிலேயே நெல் பயிர் செய்கிறவன். அவன் சிரித்தான்.

"மச்சான், அவுங்க கலர்ல குடுக்குறாங்க. நீங்க கறுப்பு வெள்ளையில குடுக்குறீங்க. புள்ளைங்க எங்க போவும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகஸ்டில் எஸ்தருக்கு மறுபடியும் வயிற்றில் வலி தொடங்கியது. அதே இடம். பொருத்தனையைப் பாதியில் விட்டதால்தான் இது வந்தது என்று நினைத்தேன். ஆறு பிள்ளைகள் பாக்கி. அந்தப் பாக்கிக்கு அவள் உயிரைக் கேட்கிறார் என்று பயந்தேன். கடைசியில் இருபது என்று எண்ணிக்கை சொன்னதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

"இருபதுன்னு அவரு கேட்டாரா, நீங்களா சொன்னீங்களா?" என்றாள்.

"நானாத்தான்."

"ஆபீஸ்ல டெண்டர் போடுற மாதிரி போட்டுட்டு வந்து, இப்ப என் உசிர வாங்குறீங்க. வலி எனக்கு. பொலம்புறது நீங்க."

அன்று முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, அந்த டிவிப் பெட்டிகளை நிறுத்தும். பிள்ளைகள் வரட்டும். இவளை விட்டுவிடும்." எழுபது வயதுக்காரன் கேட்கிற ஜெபமா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேறு தெரியவில்லை.

செப்டம்பரில் மின்வெட்டு வந்தது. அந்த ஊர் லைனில் மாலை ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். தமிழ்நாட்டுக்கே எனக்காக மின்வெட்டு வந்தது என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. நாற்று காய்கிறது, மோட்டார் ஓடவில்லை என்று தேவராஜே வயிறெரிந்து பேசினான். நான் கேட்ட ஜெபத்தை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் முதல் நாள் நான் டார்ச் லைட்டோடு போனபோது, அறை வாசலில் ஒன்பது பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கு அடுத்த வீட்டு மல்லிகா தன் பெண் பூங்கொடியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அந்த ஊர் மாப்பிள்ளை. அவளுக்கு மாமா முறை.

"மாமா, கரண்ட் போனா இதுங்க ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிதுங்க. எட்டு மணி வரைக்கும் நீங்களே வச்சிக்கோங்க. படிச்சா படிக்கட்டும், படிக்காட்டி போவட்டும்."

மறுநாளே திருப்பாதிரிப்புலியூருக்குப் போய் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினேன். அந்த விளக்குதான் என் கண்ணைத் திறந்தது. முன்பு டியூப் லைட் வெளிச்சத்தில் ஆளுக்கொரு புத்தகத்தோடு எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசிப்பார்கள். அறை அதிரும். நான் சந்தோஷப்படுவேன். இப்போது பெட்ரோமாக்ஸைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தால்தான் எழுத்து தெரியும். ஒரே புத்தகம். ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு அடுத்த பிள்ளை. தனியாக வாசித்தபோதுதான் யாருக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. நான் தேறிவிட்டார்கள் என்று வைத்திருந்த பதினான்கு பேரில் மூன்று பேர் இத்தனை நாளும் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள். அவர்களில் பூங்கொடியும் ஒருத்தி. அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். அவள் அதை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"எழுதச் சொல்லுங்க தாத்தா, எழுதிடுவேன்," என்றாள்.

எழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடமாக. யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அது அக்டோபர் 16, வியாழன். பதினான்கு பதினொன்றானது. மறுநாள் வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் எஸ்தரின் பரிசோதனை முடிவு. அந்த வயிற்றிலிருந்து சதை எடுத்து அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. பஸ்ஸில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். ஆறு பாக்கி இருந்தபோதே நோய் திரும்பியது. இன்று ஒன்பது பாக்கி. எந்த முகத்தோடு கேட்பது?

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பழைய தையல் இருந்த இடத்தில் சதை கூடியிருக்கிறது, கெட்டது எதுவும் இல்லை, மாத்திரையில் சரியாகும் என்றார்.

"பதினொண்ணுதான் ஆச்சு," என்று சொல்லிவிட்டேன்.

"என்ன சார் பதினொண்ணு?" என்றார் டாக்டர்.

"அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள கணக்கு டாக்டர். நீங்க மாத்திரைய எழுதுங்க," என்றாள் எஸ்தர்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். நான் கொடுக்க வேண்டியது கூடியிருந்த நாளில் அவர் கொடுத்துவிட்டார். அவளைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று இரண்டு மாதம் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். என் ஆண்டவரை ஒரு கந்துவட்டிக்காரனைப் போல நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். பூங்கொடியை 'அ'விலிருந்து தொடங்கவில்லை. அவள் பெயரிலிருந்து தொடங்கினோம். பிறகு அம்மா பெயர், ஆட்டுக்குட்டியின் பெயர். தப்பாகச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பிள்ளை அடுத்த வரியை வாசிக்க வேண்டும் என்று விதி வைத்தேன். சிரிப்பு நின்றது. முழுதாக ஒரு பக்கம் வாசித்தவர்தான் விளக்குக்குக் காற்றடிக்கலாம் என்று இன்னொரு விதி. பொங்கல் கழிந்து ஒரு மாலை பூங்கொடி எழுந்து போய்க் காற்றடித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாசலில் நின்ற மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

2010 கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் கேட்டாள், "அந்த இருபதாவது புள்ள யாருங்க?"

யோசித்தேன். தெரியவில்லை. எப்போதோ இருபது தாண்டிப் போயிருந்தது. முத்துவா, ரஹீமா, தேவராஜின் கடைசிப் பெண்ணா? நான் குறிக்கவில்லை. என் வாழ்க்கையில் எதையாவது எண்ண மறந்தேன் என்றால் அது இது ஒன்றுதான். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

இதை எழுதும் 2012 மார்ச்சில் எஸ்தர் நலமாக இருக்கிறாள். மின்வெட்டு முன்பைவிட ஜாஸ்தி. அறையில் இப்போது இரண்டு பெட்ரோமாக்ஸ். சகோதரரே, சகோதரியே, நீங்களும் பயத்தில் ஏதாவது ஒரு பொருத்தனையைச் சொல்லிவிட்டு, அதை முடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். முடித்துவிட்டு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பாக்கியோடேயே போங்கள். என்னை அவர் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். பிறகு அந்த வேலையைச் செய்யுங்கள். அது அப்போது பாரமாக இருக்காது.

பிள்ளைகளின் எண்ணிக்கை என்னிடம் இல்லை. செலவு இருக்கிறது. பஸ், புத்தகம், சிலேட்டு, மண்ணெண்ணெய், உடைந்துகொண்டே இருக்கும் விளக்கு மேண்டில் எல்லாம் சேர்த்து இன்று வரை அறுபத்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.