தங்கப் பட்டிக்கு அடியில் சிவப்பு

தையல் பிரிக்கும் கத்தியைக் கோட்டின் கைவிளிம்பில் ஏற்றியபோதுதான் அந்தச் சிவப்பைக் கண்டேன். ஹனோவரில் உடுப்புத் திருத்தும் கடை வைத்து எத்தனையோ பழைய கோட்டுகளைப் பிரித்திருக்கிறேன். என் கையை அப்படியே நிற்க வைத்தது இது ஒன்றுதான். தையலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன்.

கோட்டைக் கொண்டுவந்தவர் கிளவுஸ், ஓய்வுபெற்ற தபால்காரர். கோட்டுக்குச் சொந்தக்காரர் அவருடைய அம்மாவின் தகப்பன், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. போருக்குப் பின் ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கியவர். அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயும் தகப்பனும் இறந்துவிட, வளர்த்தது தாயின் அக்காவான பெரியம்மா. அந்தப் பெரியம்மாவின் தம்பி அதே போரில் கப்பலோடு மூழ்கிப்போனவர். "உன்ர அப்பர்தான் அந்தக் கப்பலைச் சுடச்சொல்லிக் கட்டளை குடுத்தவர்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்திருக்கிறார். கிளவுஸ் பேசியது ஜெர்மன். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறைத் தாண்டிய அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அறை சின்னது. "அந்தக் கோட்டு எனக்கு வேண்டாம், நாடகக்காரருக்குக் குடு" என்றுவிட்டாராம். நடிக்கப்போகிறவர் ஒல்லி என்பதால் கோட்டை வெட்டிச் சிறிதாக்க வேண்டும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வெட்டுவதற்கு முன் உடுப்புக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பொத்தான்கள் ஒருமுறை தள்ளித் தைக்கப்பட்டிருந்தன. மனிதருக்குத் தொந்தி விழுந்திருக்கிறது. கைவிளிம்பில் மூன்று தங்கப் பட்டிகள். இரண்டுக்கு ஒரே நூல், மூன்றாவதுக்கு வேறு நூல். பதவி உயர்ந்தபோது புதுக் கோட்டு எடுக்காமல் பட்டியை மட்டும் சேர்த்த சிக்கனக்காரர். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

பட்டிகளுக்கு இடையில் மண்ணிறத் துணி ஒன்று பூச்சி அரித்துக் கிடந்தது. எங்கள் ஊர்த் தையல்காரர்கள் பட்டி எழும்பி நிற்பதற்காகக் கைக்கு அகப்பட்ட துண்டை உள்ளே வைப்பார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்யும் ராஜினி அக்காவும், "ஊத்தைத் துணி, பிச்செறி பிள்ளை" என்றார்.

பட்டியைத் தூக்கினால், வெளிச்சம் படாத இடத்தில் அதே துணி செக்கச்செவேல் என்று இருந்தது. மற்றக் கையையும் பிரித்தேன். அங்கேயும் அதே சிவப்பு, அதே அளவு.

"அக்கா, இது தெரிஞ்சு வைச்ச துணி. நான் வெட்டமாட்டன்."

"நாளைக்கு நாடகக்காரர் வாறாங்களெல்லோ?"

"வரட்டும்."

கிளவுஸுக்குச் சொன்னேன். அவர் ஒரு கப்பல் அருங்காட்சியகத்துக்குப் படம் அனுப்பிக் கேட்டார். மறுமொழி வந்ததும் மூச்சிரைக்கக் கடைக்கே ஓடிவந்தார். தங்கப் பட்டிகளுக்கு நடுவே சிவப்பு என்றால் கப்பல் டொக்டராம். பீரங்கிக்குக் கட்டளை கொடுப்பது அவர் வேலையே இல்லை.

பிள்ளைகளே, பிரிக்கும்போது அகப்படும் எதையும் ஊத்தை என்று முடிவு கட்டாதீர்கள். மற்றக் கையையும் பாருங்கள். நான் அன்று படித்தது அவ்வளவுதான்.

கோட்டைக் கிளவுஸோடு நானே இல்லத்துக்குக் கொண்டுபோனேன். மகன் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் அம்மா அந்தச் சிவப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அவரும் உங்களைப்போல தைக்கிறவர்தானோ?"

"ஓம் அம்மா. காயங்களைத் தைச்சிருப்பார்."

"அப்பா" என்றார், கோட்டைப் பார்த்து. அம்மா வாயில் அந்தச் சொல்லைத் தான் கேட்டதே இல்லை என்று கிளவுஸ் பிறகு சொன்னார். அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அறையில இதைத் தொங்கவிட இடமில்லையே அம்மா" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

"டிவியைக் கழட்டிக்கொண்டு போ" என்றார் அம்மா.