வடக்குச் சுவர்

எங்கள் வீடு முடிய எத்தனை நாள் ஆனது என்று யாராவது கேட்டால், என் வீட்டுக்காரர் "ஒரு வருசமுங்க" என்பார். எதையும் கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கொத்தனாரோ ஆறே மாதம் என்று சொல்லித்தான் வேலையை எடுத்தார். சரியான கணக்கு என்னிடம் இருக்கிறது. ஒரு தை மாதத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். மறு வருடம் வைகாசியில் பால் காய்ச்சினோம். பதினாறு மாதம். அதில் பதினெட்டு நாள் நான் கொத்துக் கரண்டி பிடித்த நாள்.

நான் சித்தாள். கொல்லிமலையிலும் அடிவாரத்திலும் இருபது வருடமாகக் கட்டட வேலைக்குப் போகிறேன். சாந்து குழைப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, பழைய துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் பாண்டுச் சட்டியோடு ஏணி ஏறுவது, இதெல்லாம் சித்தாள் வேலை. செங்கல் அடுக்குவது கொத்தனார் வேலை. கரண்டி ஆணுக்கு, சட்டி பெண்ணுக்கு. இதை யார் எழுதி வைத்தார்களோ தெரியாது, நான் போன எந்த வேலையிலும் மாறியதில்லை. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கவில்லை என்று சில நாள் கொத்தனாருக்கு முன்பே என் கண்ணில் பட்டுவிடும். சொன்னால் வாய் நீளுகிறது என்பார்கள். அதனால் சட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்கிறார்களே, நான் கட்டிப் பார்த்த வீடுகளுக்கு விரல் போதாது. எல்லாம் அடுத்தவர் வீடு. எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சும் அன்று வீட்டுக்காரர்கள் கொத்தனாரைச் சபையில் நிறுத்தி, தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அவர் அந்தத் துண்டை அங்கேயே தலையில் கட்டிக்கொள்வார். அப்போதுதான் வீடு முடிந்தது என்று அர்த்தம். சித்தாளுக்குப் பந்தியில் ஒரு இலை உண்டு. குறை சொல்லக் கூடாது, எல்லா வீட்டிலும் பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் முறை வந்தபோது, மிளகு பறித்து முடித்த கையோடு வேலையைத் தொடங்கினோம். மூன்றடி வானம் தோண்ட ஒரு வாரம் என்றார் கொத்தனார். ஒரு மூலையில் பாறை வந்துவிட்டது, மூன்று வாரம் ஆனது. மாசி முழுவதும் கருங்கல் வைத்து அடித்தளம். பிறகு வாசல் நிலைக்காகக் காத்திருந்தோம். முந்தின மழையில் காற்றுக்குச் சாய்ந்த எங்கள் பலாமரத்தைத்தான் அறுத்து வைத்திருந்தோம். ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பச்ச வாசம் அடிக்குதுங்க. இப்ப வச்சா ஆனியில கதவு சாத்தாது" என்று போய்விட்டார். பங்குனியும் சித்திரையும் பலகை காய்வதைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவசரத்தில் வைத்த நிலைகள் இழுத்துக்கொண்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வைகாசியில் மஞ்சள் பூசி நிலை வைத்தோம்.

ஆனியில் சுவர் எழும்பியது. கொத்தனார் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் கரண்டியை எடுப்பார். ஆனால் எடுத்துவிட்டால் கை பேசும், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று பக்கமும் கூரைத் தளத்து உயரத்துக்குச் சுவர் வந்துவிட்டது. வடக்குப் பக்கம் மட்டும் பாக்கி. வாடைக்காற்று அடிக்கும் பக்கம் என்பதால் அதில் ஜன்னல் கிடையாது. இருபதடி நீளம், பத்தடி உயரம், வெறும் சுவர். அதற்குள் செங்கல் தீர்ந்துவிட்டது. இரண்டு மூலையிலும் புதுச் சுவர் வந்து கோத்துக்கொள்ளும்படி பல் விட்டு வைத்துவிட்டு, "கல்லு வந்ததும் ஒரு போன் போடுங்க, நாலே நாளு" என்று சொல்லிப் பஸ் ஏறினார்.

செங்கல் பத்து நாளில் வந்தது. கொத்தனார் வரவில்லை. போன் போட்டால், "நாளைக்கு வாரேனுங்க" என்பார். ஆடி முழுவதும் நாளைக்கு. அடிவாரத்தில் மூன்று வீடு ஒரே சமயத்தில் ஒப்புக்கொண்டிருந்தார், கொத்தனார்களின் பிறவிக் குணம் அது. எங்களுக்கோ ஐப்பசி மழைக்குள் தளம் போட்டாக வேண்டும். ஒரு பக்கம் திறந்து கிடக்கும் சுவர்களில் வாடை மழை இறங்கினால், கட்டிய மூன்றும் ஊறிப் பாழாகும். வேறு கொத்தனாரைக் கூப்பிட்டால், இன்னொருவர் விட்ட வேலையில் கை வைக்க மாட்டேன் என்றார்கள்.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, நான் கட்டுறேன்" என்றேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். "நீ கட்டுனா சட்டி யாரு தூக்குறது?"

"நீங்கதான்."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நான் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துவிட, அசையாமல் நின்றார். முதல் சட்டியிலேயே பாதிச் சாந்து அவர் தோளில் வழிந்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். என் நாத்தனார் மட்டும் வேலி ஓரம் நின்று, "பொம்பள கரண்டி புடிச்ச செவுரு நிக்குமா? தளத்தத் தலையில போட்டுக்கப் போறீங்க" என்றாள். ஊரே அதைத்தான் நினைத்தது, அவள் வாய்விட்டுச் சொன்னாள். நானும் உள்ளுக்குள் அதற்குத்தான் பயந்தேன். அந்தத் தளத்துக்குக் கீழேதான் நாங்கள் படுக்கப் போகிறோம்.

முதல் நாள் விடியற்காலையிலேயே ஆரம்பித்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. மூலைக்கு மூலை நைலான் நூல் கட்டி, அதை ஒட்டியே மூன்று வரிசை வைத்துவிட்டேன். கை ஓடியது. இவ்வளவுதானா கொத்தனார் வேலை என்று மனதுக்குள் ஒரு திமிர்கூட வந்தது. பத்து மணிக்குப் பனி விலகி வெயில் விழுந்தது. நூல் விறைத்துக்கொண்டு மேலே ஏறியது. என் மூன்று வரிசையும் நடுவில் ஒரு விரல் கனம் தாழ்ந்து கிடந்தன. பனியில் நனைந்த நூல் தொய்ந்திருக்கிறது, நானும் அதன் பேச்சைக் கேட்டுத் தொய்ந்தபடியே கட்டியிருக்கிறேன். அடிவாரத்தில் இந்தத் தப்பு யாருக்கும் வராது. அங்கே பனியும் இல்லை, நனைகிற நூலும் இல்லை.

"பூச்சுல மறஞ்சிரும் விடு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூச்சுல மறையும். தளத்துக்குத் தெரியும்" என்று சொல்லி, மூன்று வரிசையையும் கையாலேயே பிரித்தேன். சாந்து இறுகவில்லை, கல் எல்லாம் சுலபமாக வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லாகக் கழுவி அடுக்கினேன். நாத்தனார் வேலி ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பாறையையே பெயர்த்திருப்பேன்.

மறுநாளிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். பனி விலகி நூல் காய்ந்த பிறகுதான் முதல் கல். சாயங்காலம் பனி திரும்ப இறங்கும்போது கடைசிக் கல். சில நாள் ஐந்து மணி நேரம் கிடைக்கும், சில நாள் இரண்டு. ஒரு நாள் வெயிலே வராமல் நானும் அவரும் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு எழுந்து வந்தோம். கட்டிய சுவரைப் பனிதான் நனைக்கிறதே, எதற்குத் தண்ணீர் என்றார் அவர். பனி மேற்புறத்தைத்தான் நனைக்கும், உள்ளே இறங்காது. அதனால் தினமும் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து சுவருக்கு ஊற்றினோம். தலைக்கு மேல் உயரம் போனதும் மூங்கில் கட்டிச் சாரம் போட்டோம். கொத்தனார் நான்கு நாளில் முடித்திருப்பார், எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. கடைசிக் கல்லை வைத்துவிட்டு இறங்க மனமில்லாமல் சாரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து எங்கள் மரவள்ளிக் காடு முழுவதும் தெரிந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ சுவர் உயரத்துக்கு ஏறியிருக்கிறேன், ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை.

புரட்டாசியில் கொத்தனார் வந்தார், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி. வந்தவர் வடக்குச் சுவரைப் பார்த்து நின்றார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். மேலிருந்து விட்டு, நூலுக்கும் சுவருக்கும் இடைவெளியை விரலால் அளந்தார். ஒரு மூலை, நடு, மறு மூலை. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார்.

"எந்த ஊருக் கொத்தனாருங்க? பேளுக்குறிச்சி ஆளா?"

என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார்.

கொத்தனார் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "தளத்துக்கு நான்தானுங்க பொறுப்பு. நாளைக்கு ஒண்ணுன்னா எம் பேருதான் கெடும். இந்தச் செவுத்த எறக்கிப்போடலாம். நாலே நாளு, நானே கட்டித் தாரேன்."

"குண்டு என்ன சொல்லுச்சுங்க?"

"குண்டு நேராத்தான் சொல்லுது."

"குண்டே நேருங்குது. நீங்க ஏனுங்க கோணலாப் பேசறீங்க?"

தளத்துக்குப் பலகை அடிக்கக் கூட வந்த சென்ட்ரிங் ஆட்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். கொத்தனாருக்கும் வாயோரம் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. "வெடிச்சா நான் பொறுப்பில்லீங்க. அது உங்க பாடு" என்றார். அத்தனை பேர் முன்னால், "எம் பாடுதானுங்க" என்றேன்.

தளத்துக்கான கம்பிகளை அடிவாரத்திலேயே இரண்டாக மடித்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும். நீளக் கம்பியோடு வளைவில் திரும்ப முடியாது. மேலே வந்ததும் அத்தனையையும் நிமிர்த்த இரண்டு நாள். தளம் போடும் அன்று வழக்கமாகக் கறிச்சோறு போடுவார்கள். புரட்டாசி என்பதால் சாம்பாரும் வடையும்தான். "சைவத் தளமுங்க இது" என்று ஆட்கள் சலித்துக்கொண்டே வேலை செய்தார்கள். வீட்டுக்காரி ஓரமாக நிற்க வேண்டும் என்றார்கள். நானா நிற்பேன்? சும்மாடு வைத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். சாயங்காலம் தளம் முடிந்தபோது அதன் எடை எவ்வளவு என்று என் கழுத்துக்குத் தெரிந்திருந்தது. இனி அதில் ஒரு பங்கை என் சுவர் தாங்க வேண்டும்.

பதினான்கு நாளில் பலகை பிரிக்கலாம் என்றார் கொத்தனார். அது வெயில் ஊர்க் கணக்கு. இங்கே பனியிலும் மழையிலும் காங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். நான் இருபத்தெட்டு நாள் விடவில்லை. அந்த இருபத்தெட்டு நாளும் மழை கொட்டியது. நான் தினமும் போய்ச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டுகளைத் தட்டி எடுக்கும் அன்று ஆட்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். நான் உள்ளே போய் வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "வெளிய வா புள்ள" என்று என் வீட்டுக்காரர் குரல் உடைந்து கத்தினார். நான் போகவில்லை. என் சுவரை நம்பி நானே நிற்கவில்லையென்றால் வேறு யார் நிற்பது? நடுவிலிருந்து ஒவ்வொன்றாக முட்டுகள் விழுந்தன. கடைசி வரிசை என் பக்கத்தில். சுத்தியல் அடி முதுகில் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமில்லை. பலகைகள் சடசடவென்று இறங்கின. தூசி அடங்கியதும் கொத்தனார் உள்ளே வந்து, டார்ச் அடித்துத் தளமும் சுவரும் சேரும் இடத்தை முழுக்கப் பார்த்தார்.

"வெடிப்பு இல்லீங்க" என்றார். பிறகு மெல்ல, "மயிரிழைகூட இல்லீங்க" என்றார்.

பூச்சு வேலையைத் தை வரை தள்ளினோம், அதுவரை ஈரம் காயவில்லை. வடக்குச் சுவரை மட்டும் பூசாமல் செங்கல் தெரியவே விட்டுவிட எனக்கு ஆசை. ஆனால் மழை அடிக்கும் பக்கம் அதுதான். பூசத்தான் வேண்டும் என்று எனக்கே தெரியும். பூசி முடித்ததும் என் கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. மற்ற மூன்று சுவர் எப்படியோ அதுவும் அப்படியே. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இனி யாருக்குத் தெரியும்?

அதற்குத்தான் ஒரு வழி செய்தேன். வைகாசியில் பால் காய்ச்சினோம். சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. கொத்தனாரை அழைத்து நிறுத்தி, வேட்டி துண்டு வைத்த தட்டை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கொடுத்தோம். அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். எல்லாரும் பந்திக்குத் திரும்பும்போது நான் உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்தேன். அதே வேட்டி, அதே துண்டு. பேளுக்குறிச்சிச் சந்தையில் இரண்டு ஜோடியாகவே வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். தட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"இது யாருக்குங்க?" என்றார் கொத்தனார். "இந்த ஊட்டுக்கு ரெண்டு கொத்தனாருங்களா?"

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர். எதையும் குறைத்துச் சொல்கிற அந்த மனுசன், வேலிக்கு வெளியே கேட்கும்படி சொன்னார். "வடக்குச் செவுத்துக் கொத்தனாருங்க."

தட்டை வாங்கினேன். வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துண்டை எடுத்தேன். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக அதைச் சும்மாடாகச் சுருட்டப் பார்த்தது. நிறுத்தி, உதறி, விரித்து, என் நாத்தனார் உட்பட அத்தனை பேரும் பார்க்கத் தலையில் கட்டிக்கொண்டேன்.