டப்ளினில் ஒரு நிரந்தர வேலை

பொருளாதார ஆராய்ச்சியாளர் என்றால், ஊரார் வேலையில்லாமல் இருப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டே தனக்கு வேலை தேடுகிறவர் என்று அர்த்தம். பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. இனி நீட்டச் சட்டம் இடம் தராது. ஜெர்மனியில் நிரந்தர இடம் வேண்டுமானால் யாராவது ஓய்வு பெற வேண்டும். அவர்களோ நாள்தோறும் சைக்கிளில் வந்து படு ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அதனால் எங்கள் கூட்டம் முழுவதும் டப்ளினையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பொருளாதாரம் படித்தவர்களைத் தேடுகின்றனவாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். ஒப்பந்தம் முடியும் தேதியை நெஞ்சில் சுமந்து திரியும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீந்தவும் தெரியும்

டப்ளின் ஆய்வு நிறுவனம் ஒன்று, இரண்டே பக்கத்தில் தன்விவரம் கேட்டிருந்தது. அப்பா அதிர்ந்துபோனார். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, அலுவலகம் அலுவலகமாகப் பேப்பர் நீட்டியே இந்த நாட்டில் காலூன்றியவர் அவர். "ஒரு பேப்பரையும் விடாதை பிள்ளை. ஆர் எதைக் கேப்பாங்கள் எண்டு தெரியாது" என்றார். நானும் எதற்கும் சான்றிதழ் கேட்கும் இந்த ஜெர்மனியில் வளர்ந்தவள்தானே, எனக்கும் அதே வியாதி. புகைப்படம், பள்ளிச் சான்றிதழ்கள், விடுமுறை வேலைகளுக்கு வாங்கிய நற்சாட்சிகள் என்று நாற்பத்தாறு பக்கம் அனுப்பினேன். அப்பா தந்த கோப்பில் என் ஏழு வயது நீச்சல் சான்றிதழும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. டப்ளின் நிறுவனத்தின் அலுவலகப் பெண்மணி மறுநாளே பதில் எழுதினார்: "நீச்சல் சான்றிதழுக்கு நன்றி. ஆனால் அயர்லாந்துக்கு விமானமும் உண்டு."

பூசை முடிந்து

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அந்தோனி அண்ணை என்ன வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று கேட்டார். விலைவாசி ஏன் ஏறுகிறது என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்குச் சொல்லும் வேலை என்றேன், கொஞ்சம் நிமிர்ந்தபடி. அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்: "பத்து வருசமா இதைத்தானே எழுதுறியள். நீங்கள் எழுதி ஒரு சாமானாவது விலை குறைஞ்சதோ, தங்கச்சி?"

பேராசிரியரின் பாராட்டு

விண்ணப்பத்தோடு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் போக வேண்டும். ஆங்கிலம் பேசும் உலகில் இந்தக் கடிதங்களில் எல்லோரும் மேதைகள்; 'நான் கண்ட மிகச் சிறந்த மாணவி' என்பது அங்கே சுமாரான மாணவிக்கு எழுதுவது. எங்கள் பேராசிரியரோ வட ஜெர்மன்காரர். சாப்பாடு பிரமாதமாக இருந்தால் 'சாப்பிடலாம்' என்பார்.

என்னைப் பற்றி அவர் 'நம்பகமாக வேலை செய்வார்' என்று எழுதியிருப்பது தெரிந்ததும் எழுந்து ஓடினேன். அவரது அறைக்குப் போய், கொஞ்சம் கூட்டி எழுத முடியுமா என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிஜமாகவே மனம் நொந்து சொன்னார்: "முப்பது வருடத்தில் இந்த வரியை நான் இரண்டே பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன்."

காணாமல் போன நாடு

ஆனாலும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் மூன்று பேர். யூரோ நாடுகளின் வளர்ச்சி பற்றிய என் சிறந்த கட்டுரையை முன்பே அனுப்பியிருந்தேன். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தை வரிக்காக அயர்லாந்தில் காட்டுவதால், அந்த நாட்டின் எண்கள் திடீர் திடீரென்று வானத்துக்குப் பாயும். வரைபடம் அலங்கோலமாகும். ஆகவே எங்கள் தொழிலில் பலரும் சத்தமில்லாமல் செய்வதை நானும் செய்திருந்தேன். 'அயர்லாந்து சேர்க்கப்படவில்லை' என்று அடிக்குறிப்பில் ஒரு வரி.

அயர்லாந்தை வெட்டியெறிந்த கட்டுரையைக் காட்டி அயர்லாந்திலேயே வேலை கேட்ட புத்திசாலி நான். குழுத் தலைவி அந்த வரியை நிதானமாக வாசித்துக் காட்டினார். பொய் சொல்ல வரவில்லை. உங்கள் நாட்டைச் சேர்த்தால் என் வரைபடம் கெட்டுவிடும் என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவி சொன்னார்: "கவலைப்படாதீர்கள். அந்த எண்களை இங்கே நாங்களும் நம்புவதில்லை."

காலியிடம்

இரண்டு வாரம் கழித்துத் தலைவி போன் செய்தார். வேலை எனக்கே. விலைவாசிப் பிரிவில் வீட்டுத் தட்டுப்பாடு பற்றிய ஆய்வு, நிரந்தரம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எஸ்-பான் ரயிலில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

பிறகு டப்ளினில் வீடு தேடினேன். ஓர் அறையைப் பார்க்க ஒரு தெரு நீளத்துக்கு வரிசை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. செப்டம்பரும் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுத் தலைவியிடமே கேட்டேன்: எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவரின் வீடாவது கிடைக்குமா? தலைவி சொன்னார்: "அவருக்கும் வீடு கிடைக்கவில்லை. அதனால்தானே இந்த இடம் காலியானது."

ஆக, டப்ளினில் ஏன் வீடு கிடைப்பதில்லை என்று ஓர் அரசாங்கத்துக்கே அறிவுரை சொல்லப்போகும் நிபுணர், பிராங்பேர்ட்டில் அப்பா அம்மா வீட்டில், தான் பத்தாம் வகுப்புக்குப் படித்த அதே அறையில் குடியிருந்தபடி, கணினி வழியாக அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.