இறால் முள் குத்திய கைகள்

பழவேற்காட்டுக் கரையில் படகு ஒதுங்கியதும், வலையில் சிக்கிய இறாலைப் பிரித்தெடுக்கப் பெண்கள் வரிசையாக உட்காருவோம். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. அடுத்தவள் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் பெண்ணாக வாழத் தொடங்கி, புடவையோடு ஊர் திரும்பியபோது, ஊரே வேலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது. பார்த்துப் பார்த்து அவர்களுக்கே அலுத்துப்போன ஒரு காலையில், பக்கத்து வீட்டு அக்கா சற்று நகர்ந்து, "இன்னா நின்னுகினே கீற? குந்து" என்றாள். அன்றிலிருந்து அது என் இடம். இப்போது நான் போய் உட்கார்ந்தால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த ஊரில் நான் சம்பாதித்த பெரிய சொத்து அதுதான்.

நான் ஓவியம் வரைகிறவள். அந்த வரிசையைத்தான் படகின் பழைய பாய்த்துணியில் வரைந்தேன். கைகள் மட்டும், முகம் கிடையாது. இறால் முள் குத்திக் குத்தி எங்கள் விரல்களெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. என் கையும் அதில் இருக்கிறது.

சென்னையில் கண்காட்சி நடத்தியவருக்குப் படம் பிடித்துப்போயிற்று. வாசல் சுவரையே தருவதாகச் சொன்னார். ஆனால் பக்கத்தில் ஆளுயரத்துக்கு என் புகைப்படம் இருக்க வேண்டும், கீழே 'திருநங்கை ஓவியர்' என்று எழுத வேண்டும்.

"நீங்க வெளிய தெரியணும்மா. இப்ப அதான் முக்கியம்."

"நான் தெரிஞ்ச வரைக்கும் போதும் சார். படம் தெரியட்டும்" என்றேன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அன்றும் வந்தது. திருநங்கை என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்? பஸ்ஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் உரக்கவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வரிசையிலிருந்து என்னை மட்டும் பிடுங்கித் தனியாக நிறுத்த நானே எப்படிச் சம்மதிப்பேன்? வாசல் சுவர் கைவிட்டுப் போனது. மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் கொடுத்தார்கள்.

திறப்பு நாளன்று எங்கள் வரிசை மொத்தமும் மீஞ்சூரில் ரயிலேறி வந்து இறங்கியது. படத்தின் முன்னால் நின்று, எது யார் கை என்று சண்டை வேறு. அதைப் பார்த்துவிட்டு, கண்காட்சி நடத்தியவரிடம் என்னைப் பற்றிக் கேட்டுவைத்திருந்த ஒரு நிருபர் அக்காவிடம் வந்தார்.

"இதுல அந்தத் திருநங்கையோட கை எதும்மா?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வரையும்போது பக்கத்திலேயே இருந்தவள் அக்கா. அவளுக்கு நன்றாகத் தெரியும். படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாம் எங்க பொம்பளைங்க கைதான். இன்னா கேக்கற நீ?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ரயிலுக்கு நேரமாவுது, கெளம்புங்கடி" என்று எல்லோரையும் விரட்டினாள். என்னையும் சேர்த்துத்தான்.