யார் கைக்குக் கிரேன் அசையும்

முதல் அடி பண்ணையாருடையது. விழுப்புரத்துக்கு வெளியே இருந்த சர்க்கரை ஆலையில், கரும்பு இறக்கும் கிரேனின் கூண்டிலிருந்து என் அக்காவின் கணவரை இழுத்துவந்து தரையில் தள்ளினார்கள். பண்ணையார் செருப்புக் காலால் முகத்தில் மிதித்தார். அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? மாமாவின் இடது கை முறிந்தது. ஒரு காது அன்றோடு போயிற்று. சற்றுத் தள்ளி, கீழே நின்று சைகை காட்டுகிறவர் கரும்புக் கட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தார். அவர் நிறுத்தச் சொல்லித்தான் கை காட்டியிருந்தார். தன் வண்டிகள் காத்துக் கிடக்கின்றன என்ற அவசரத்தில் பண்ணையார் இறக்கச் சொல்லிக் கை காட்டினார். மாமா பண்ணையாரின் கைக்கு இறக்கிவிட்டார். அந்த மனிதரே முதலில் மிதித்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. டிராக்டர் ஓட்டத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக மாமாவைக் கிரேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆலை இஞ்சினியரிடம் போய்ச் சண்டை போட்டேன். முறையாகக் கற்றுக்கொண்டு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வேலை கிடையாது என்றார். எதைப் படித்துக் கற்பது? திண்டிவனத்துக் கடைகளில் பஞ்சாங்கமும் பள்ளிக்கூடப் புத்தகமும்தான் இருந்தன. விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் கிரேன் ஓட்டுகிறவரைக் கேட்டேன்.

"புக்கா? எங்க போர்மேன் ஸ்பேனரால மண்டையில போட்டுப் போட்டுத்தான் சொல்லிக் குடுத்தாரு. இந்தா பாரு" என்று தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினார்.

கடைசியில் சென்னைத் துறைமுகத்து மேஸ்திரி ஒருவர், கை சைகைகள் படம் போட்ட இங்கிலீஷ் அட்டை ஒன்றைக் கொடுத்தார். மாவுக்கட்டோடு கிடந்த மாமாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். தூக்கவும் இறக்கவும் சைகைக்காரர் ஒருவர் கைதான்.

"அப்ப பண்ணையாரு கை?"

"அது எறக்கச் சொன்னா எறக்கக் கூடாது மாமா."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து அந்தக் கை தூக்குனா ஓடிக்கினே இருக்கோம் மச்சான். இது கேக்குமா?" என்று முறியாத கையை நீட்டினார்.

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. எதிரே உட்கார்ந்து ஒரு கையால் சைகை காட்டுவேன். பண்ணையார் குரலில் அதட்டவும் செய்வேன். அதட்டலுக்கு அசைந்தால் மணிக்கட்டில் பிரம்படி. ஒரு நாள் அக்கா விளக்குமாற்றை எடுத்து என்னை வெளுத்துவிட்டாள்.

அடுத்த கரும்பு அரவைப் பருவத்துக்கு இஞ்சினியர் மாமாவைக் கூண்டில் ஏற்றினார். யாரோ ஒருவரின் கரும்புக் கட்டு அந்தரத்தில் இருந்தபோது, பின்னால் வண்டிகளோடு நின்ற பண்ணையார் பொறுமையிழந்து முன்னால் வந்தார். கட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "எறக்குடா நாயே! ஜல்தி எறக்கு!" என்று கையை ஆட்டினார். புதிய சைகைக்காரர் பதறிப்போய் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கட்டு அசையவில்லை. பண்ணையாரின் ஆட்கள் கல்லெறிய ஆரம்பித்தார்கள். மாமாவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இஞ்சினியர் ஓடிவந்து பண்ணையாரை அப்பால் இழுத்துப் போகும்வரை கிரேன் அப்படியே நின்றது.

இன்று என் பேரன் கிரேன் ஓட்டப் படிக்கிறான். பளபளவென்று புத்தகங்கள், பழகிப் பார்க்கக் கம்ப்யூட்டர். கல்லெறிபடும்போது என்ன செய்வது என்று அவற்றில் தேடினேன், இல்லை.

அன்று கூண்டிலிருந்து இறங்கிய மாமா, துண்டால் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் காதருகே சொன்னார்:

"இன்னிக்கு ஒரு நாளு பண்ணையாரு பேச்சக் கேட்டிருக்கலாம் மச்சான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.